கடல் தாங்கும், எத்தனை ஆயிரம் ஆண்டுகளில்?

2003-ஆம் ஆண்டு. நமீபியக் கரையிலிருந்து தென்மேற்காக அட்லாண்டிக் நீருக்கடியில் நீண்டு கிடக்கும் வால்விஸ் மலைத்தொடரின் மேல் ‘ஜாய்டீஸ் ரெசல்யூஷன்’ என்ற ஆய்வுக் கப்பல் துளை போட்டுக்கொண்டிருந்தது. கடலடியிலிருந்து குழாய் குழாயாக மேலே வந்தது வெறும் சேறு. அந்தச் சேற்று உருளைகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மேசையில் கிடத்தினார்கள். கீழ்ப்பகுதி முழுக்க வெளிறிய சுண்ணாம்புச் சேறு. ஓரிடத்தில் அந்த வெளிர்நிறம் சட்டென்று நின்று, செம்பழுப்புக் களிமண் தொடங்குகிறது. அதற்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக வெளிர்நிறம் திரும்புகிறது. 2.7 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 4.8 கிலோமீட்டர் ஆழம் வரை ஐந்து இடங்களில் எடுத்த உருளைகளிலும் அதே களிமண் பட்டை இருந்தது.

அந்தப் பட்டைக்கு வயது ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகள். பேலியோசீன் காலம் முடிந்து இயோசீன் காலம் பிறந்த நேரம் அது. லட்சம் கோடி டன் கணக்கில் கார்பன் காற்றுக்கும் கடலுக்கும் வந்து சேர்ந்தது. பூமி 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியது. கரியமில வாயுவைக் குடித்த கடல் அமிலத்தன்மை பக்கம் சாய்ந்தது. அமிலம் பட்டால் சுண்ணாம்பு கரையும். கடலடியில் குவிந்திருந்த சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோக, கரையாத களிமண் மட்டும் எஞ்சியது. செம்பழுப்புப் பட்டையின் கதை இதுதான்.

ஜேம்ஸ் சாக்கோஸ் தலைமையிலான குழு 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்தக் கணக்கை வெளியிட்டது. எந்த ஆழத்துக்குக் கீழே சுண்ணாம்பு தங்காதோ அந்த எல்லை, 10,000 ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பருவநிலை பற்றிய விவாதங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு சமாதானம் உண்டு. “கடல் பெரியது, எல்லாவற்றையும் தாங்கும், பூமி இதைவிடப் பெரிய சூட்டைக் கண்டு மீண்டிருக்கிறது.” இதைச் சொல்பவர்கள் எல்லோரும் அறிவியலை மறுப்பவர்கள் அல்லர். பலர் நம்பிக்கையோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கடல் மீண்டது என்பதற்கு அந்த உருளைகளே சான்று. எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டு மீண்டது என்பதற்கும் அவைதான் சான்று. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது ஆபத்தான வாசிப்பு. அந்த வாசிப்பைத் திருத்தும் வல்லமை இன்று கடலடிச் சேற்றுக்குள் கிடக்கும் நுண்ணோடுகளிடம்தான் இருக்கிறது. அவற்றை எடுக்கவும் சேமிக்கவும் அளக்கவும் ஆகும் செலவைச் சில நாடுகள் குறைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்தியா எதிர்த்திசையில் நடக்க வேண்டும்.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 என்ற அளவில் இருந்த கடல் மேற்பரப்பின் பி.ஹெச். இப்போது 8.1 அருகே. 0.1 என்பது பார்க்கச் சிறிய எண். பி.ஹெச். மடக்கை அளவு என்பதால், அந்த 0.1 சரிவுக்கு ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடியதாகப் பொருள். கடல்நீர் இன்னும் காரத்தன்மை உடையதுதான், அது புளித்துப்போய்விடவில்லை. ஆனால் ஓடு கட்டும் உயிர்களுக்குத் தேவையான கார்பனேட் அயனி குறைந்துகொண்டே வருகிறது.

இது மேற்பரப்பின் கதை. அதை அளப்பதற்குக் கருவிகள் இருக்கின்றன. ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே உள்ள ‘அலோஹா’ நிலையத்தில் 1988 முதல் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். உலகின் மிக நீண்ட தொடர்களில் அது ஒன்று. ஆழ்கடலின் கணக்கு வேறு. வட அட்லாண்டிக்கில் மூழ்கும் நீர் ஆழத்தில் ஊர்ந்து வட பசிபிக்கை எட்ட ஆயிரம் ஆண்டு அளவில் ஆகிறது. நாற்பது ஆண்டுக்கும் குறைந்த அளவீட்டை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டுச் சுழற்சியைப் பற்றி என்ன முடிவுக்கு வர முடியும்? உலகக் கடலில் உள்ள கார்பனில் பெரும்பங்கு அந்த இருண்ட நீரில்தான் கிடக்கிறது. அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணினி மாதிரிகள் சொல்கின்றன. அந்த மாதிரிகள் சரியா என்று சோதிக்க, ஏற்கனவே நடந்து முடிந்த ஒரு சோதனை தேவை. அது கடலடியில் மட்டுமே பதிவாகியிருக்கிறது.

பதிவு செய்தவை ஃபொராமினிஃபெரா எனப்படும் ஒற்றைச் செல் உயிர்கள். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரும் தேறாது. கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, அறை அறையாகச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். சில இனங்கள் மேல்நீரில் மிதந்து வாழ்கின்றன. செத்தபின் ஓடு கீழே இறங்கிப் படிகிறது. வேறு சில இனங்கள் கடலடியிலேயே பிறந்து அங்கேயே வாழ்ந்து முடிபவை. ஆழ்கடல் நீரின் பழைய அமிலத்தன்மையை அறிய இந்த இரண்டாவது கூட்டம்தான் உதவும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் ‘சேலஞ்சர்’ கப்பல்தான் இந்த ஓடுகள் கடலடியில் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டியது. ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே ஓடுகள் காணாமல் போய்ச் செங்களிமண் மட்டும் கிடைப்பதையும் அந்தப் பயணத்தில்தான் கவனித்தார்கள்.

ஓட்டில் சுண்ணாம்போடு வேறு தனிமங்களும் துளித்துளியாகச் சேர்ந்துவிடும். அவற்றில் ஒன்று போரான். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் நாலரை மில்லிகிராம் போரான் கரைந்திருக்கிறது. அது இரண்டு உருவங்களில் இருக்கும்: மின்சுமை இல்லாத போரிக் அமிலம், எதிர்மின்சுமை கொண்ட போரேட். இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பி.ஹெச்.தான். பி.ஹெச். ஏறினால் போரேட் கூடும். இறங்கினால் போரிக் அமிலம் கூடும்.

இயற்கையில் போரானுக்கு இரண்டு ஐசோடோப்புகள் உண்டு. ஐந்தில் நான்கு பங்கு எடை கூடிய போரான்-11, மீதி ஒரு பங்கு போரான்-10. எடை கூடியது போரிக் அமிலத்தில் தங்க விரும்பும்; எடை குறைந்தது போரேட்டில் சேரும். ஃபொராமினிஃபெரா ஓடு கட்டும்போது உள்ளே இழுத்துக்கொள்வது பெரும்பாலும் போரேட்டை. ஆகவே ஓட்டில் உள்ள இரண்டு ஐசோடோப்புகளின் விகிதத்தை அளந்தால், அந்த உயிர் வாழ்ந்த நாளில் அதைச் சுற்றியிருந்த நீரின் பி.ஹெச். தெரிந்துவிடும். ஓடு கட்டிய உயிர் போய்ப் பத்தாயிரம் ஆண்டு ஆனாலும், கோடி ஆண்டு ஆனாலும், ஓடு கெடாமல் இருந்தால் விகிதமும் கெடாது.

கொள்கை இவ்வளவுதான். வேலை அவ்வளவு எளிதில்லை.

சேற்றை முதலில் 63 மைக்ரான் சல்லடையில் நீர் விட்டு அலச வேண்டும். களிமண் ஓடிப்போய் மணல் போன்ற ஒரு படிவு மிஞ்சும். அந்த மணல் முழுக்க ஓடுகள். உலர்ந்தபின் கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நனைத்த மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொரு ஓடாகத் தொட்டு எடுப்பார்கள். அதிலும் இனம் பார்த்து எடுக்க வேண்டும். ஆழ்கடல் வேலையில் அதிகம் தேடப்படுவது ‘சிபிசிடாய்டஸ் வுல்லெர்ஸ்டார்ஃபி’ என்ற இனம். அது சேற்றுக்குள் புதைந்து வாழாமல் மேலே, சில சமயம் கல் மேல்கூட, ஒட்டி வாழ்கிறது. அதனால் சேற்றுக்குள் அழுகலால் மாறிப்போன நீரின் குணம் அதில் ஏறாது. ஒரு பிடிச் சேற்றில் அந்த இனம் பத்து இருபது தேறினாலே பெரிது. முழு நாள் குனிந்து உட்கார்ந்து ஒன்றும் கிடைக்காத நாட்களும் உண்டு.

எடுத்த ஓடுகளை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே மெல்ல அழுத்தி உடைப்பார்கள், உள் அறைகள் திறக்கும் அளவுக்கு மட்டும். பிறகு அரிசி களைவதுபோல் திரும்பத் திரும்பத் தூய நீரிலும் மெத்தனாலிலும் அலசிக் களிமண்ணைப் போக்குவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு உயிர்ப்பொருள் எச்சத்தை எரித்து, மிக நீர்த்த அமிலத்தில் ஒரு கணம் முக்கி எடுத்து, கடைசியில் கரைப்பார்கள். கரைசலிலிருந்து போரானை மட்டும் ஒரு பிசின் குழாயில் பிடித்துப் பிரித்து நிறை நிறமாலைமானிக்கு அனுப்புவார்கள். அங்கு வந்து சேரும் போரான் ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு அளவே இருக்கும்.

இங்கேதான் பெரிய தலைவலி. ஆய்வகம் முழுக்கப் போரான். பீக்கர், பிப்பெட் செய்யும் வெப்பம் தாங்கும் கண்ணாடிக்குப் பெயரே போரோசிலிக்கேட். தூசு புகாத அறைகளில் காற்றை வடிக்கும் ஹெபா வடிகட்டிகளின் கண்ணாடி இழையிலும் போரான் உண்டு. தூசைத் தடுக்க வைத்த வடிகட்டியே மாதிரியைக் கெடுத்துவிடும். எனவே கண்ணாடியை ஒதுக்கிவிட்டு டெஃப்லான் பாத்திரங்களில் வேலை செய்கிறார்கள். போரான் இல்லாத வடிகட்டிகளைத் தேடிப் பொருத்துகிறார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் ஒற்றை எண்ணைப் பற்றிப் பேசும்போது, “ஏதோ பழைய ஓட்டை வைத்து ஊகிக்கிறார்கள்” என்று ஒதுக்குவது உழைப்புக்குச் செய்யும் அநீதி.

அதற்காக அந்த எண்களைக் கேள்வி கேட்காமல் நம்ப வேண்டும் என்பதில்லை. இந்தத் துறையை நம்பத் தோன்றுவதற்குக் காரணமே அது தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொண்ட விதம். 1995-இல் அபிஜித் சன்யாலும் அவருடைய அமெரிக்கச் சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரு பெரிய முடிவை அறிவித்தார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய உறைபனிக் காலத்தில் ஆழ்கடலின் பி.ஹெச். இன்றைவிட 0.3 கூடுதலாக இருந்தது என்பது அது. உண்மையாயின் பெரும் புதிர் ஒன்று அவிழ்ந்திருக்கும். உறைபனிக் காலத்தில் காற்றிலிருந்த கரியமில வாயு 190 பி.பி.எம். அளவுக்கு இறங்கிக் கிடந்தது. இடையில் வந்த வெப்பக் காலங்களில் 280. குறைந்த அந்த 90 எங்கே போயிற்று என்ற கேள்வி பல ஆண்டுகளாக வாட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் பொருந்தாத ஒன்று இருந்தது. ஆழ்கடல் அவ்வளவு காரமாக மாறியிருந்தால் சுண்ணாம்பு தங்கும் எல்லை பெரிதும் இறங்கியிருக்க வேண்டும். இன்று வெறும் களிமண்ணாகக் கிடக்கும் ஆழங்களிலும் அந்தக் காலத்து ஓடுகள் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. அளந்த ஓடுகள் பல இனங்களின் கலவை என்பது ஒரு குறை. சேற்றுக்குள் புதைந்து வாழும் இனங்கள் காட்டும் எண் வேறு, மேலே வாழும் இனங்கள் காட்டும் எண் வேறு. பின்னர் பேர்பெல் ஹோனிஷ் ஒற்றை இனத்தை மட்டும் எடுத்து அளந்தபோது 0.3 என்ற அந்தப் பெரிய மாற்றம் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் ஜிமின் யூவும் ஹாரி எல்டர்ஃபீல்டும் 2007-இல் இன்னொரு வழி காட்டினார்கள். கடலடி ஓடுகளில் போரானுக்கும் கால்சியத்துக்கும் உள்ள விகிதம், சுற்றுநீரில் கார்பனேட் அயனி எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதோடு நேராகப் பொருந்துகிறது. ஐசோடோப்பு அளவீட்டைவிட இதற்குக் குறைவான ஓடு போதும். 2011-இல் ஜேம்ஸ் ரே குழுவினர் இன்றைய கடலடியில் வாழும் இனங்களை ஒவ்வொன்றாக அளந்து, மேலே வாழும் இனங்களின் ஓடு கடல்நீரின் போரேட்டை ஏறத்தாழ அப்படியே காட்டுகிறது என்று நிறுவினார்கள். 

சன்யாலின் ஆழ்கடல் எண் விழுந்தது; அதே கட்டுரை மேல்நீரைப் பற்றிச் சொன்னது பெருமளவு நின்றது. அவர் திறந்த கதவு வழியாகத்தான் மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். குறைந்த கார்பனின் பெரும்பங்கு உறைபனிக் காலத்தில் ஆழ்கடலில் அடைபட்டுக் கிடந்தது. பனி உருகியபோது தென்முனைப் பெருங்கடல் போன்ற இடங்கள் வழியாகக் காற்றுக்கு வெளியேறியது. இன்று ஓடுகளும் ஆழ்கடல் பவளங்களும் சேர்ந்து சொல்லும் கதை இது. ஆழ்கடல் கார்பனை விழுங்கி வைத்திருக்கும், பின்னர் திருப்பியும் கொடுக்கும். கடலுக்குள் போனது போனதுதான் என்று எண்ணுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

5.6 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தச் சூட்டுக்கு வருவோம். அப்போது மேல்நீரின் பி.ஹெச். சுமார் 0.3 சரிந்தது என்று போரான் காட்டுகிறது. அளவை மட்டும் பார்த்தால், இந்த நூற்றாண்டின் இறுதியில் உமிழ்வு கட்டுப்படாவிட்டால் வரக்கூடிய சரிவுக்கு அது ஒப்பானது. அப்போது மேல்நீரில் மிதந்த ஃபொராமினிஃபெராக்கள் பெரும்பாலும் தப்பின. கடலடியில் வாழ்ந்தவை தப்பவில்லை. ஜேம்ஸ் கென்னெட்டும் லோவெல் ஸ்டாட்டும் 1991-இல் அண்டார்க்டிகாவின் வெட்டல் கடலில் எடுத்த உருளையை ஆராய்ந்து எழுதியது முதல், கடலடி இனங்களில் 30 முதல் 50 விழுக்காடு அழிந்தது என்பது பல கடல்களில் உறுதியாகியிருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு அமைதியாக வாழ்ந்து, டைனோசர்களை முடித்த விண்கல் மோதலையும் தாண்டி வந்த கூட்டம் அது.

இன்றைய நிலைமை அதைவிடக் கடுமை என்று சொல்லக் காரணம் வேகம். ரிச்சர்ட் சீபியும் ஆண்டி ரிட்ஜ்வெல்லும் சாக்கோஸும் 2016-இல் போட்ட கணக்கின்படி அந்தப் பழைய வெளியீடு குறைந்தது 4,000 ஆண்டுகளுக்கு நீடித்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 110 கோடி டன் கார்பன். இப்போது மனிதர் வெளியிடுவது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன். 6.6 கோடி ஆண்டுகளில் இப்படியொரு வேகம் இருந்ததற்குத் தடயம் இல்லை என்பது அவர்களின் முடிவு. மெதுவாக வந்தால் கடலடியின் சுண்ணாம்பு கரைந்து அமிலத்தை ஈடுகட்டும். நிலத்துப் பாறைகள் தேய்ந்து ஆறுகள் வழியே காரத்தன்மை வந்து சேரும். இரண்டும் ஆயிரம், பத்தாயிரம் ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலைகள். நூற்றைம்பது ஆண்டுக்குள் வந்து விழும் சுமைக்கு அவை கை கொடுக்க நேரமே இல்லை. ‘பூமி இதைவிடப் பெரியதைக் கண்டிருக்கிறது’ என்ற வாதம் உடைவது இந்த இடத்தில்தான்.

கடலடி காத்திருக்கவும் இல்லை. மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஒலிவியே சுல்பிஸ் குழு 2018-இல் காட்டியபடி, வடமேற்கு அட்லாண்டிக்கின் அடியில் மனிதர் விட்ட கரியமில வாயு ஏற்கனவே சுண்ணாம்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டது. அங்கே சுண்ணாம்பு தங்கும் எல்லை தொழிற்புரட்சிக்குப் பின் சுமார் 300 மீட்டர் உயர்ந்திருக்கிறது. கரைவது வெறும் சுண்ணாம்பு இல்லை. மேலடுக்கில் உள்ள அண்மைக்காலப் பதிவும் கூடவே போகிறது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளை ஓடுகளில் படிக்க வேண்டியவர்களுக்கு இது உண்மையிலேயே பதற வேண்டிய செய்தி.

பழைய சேகரிப்பின் அருமை எப்போது தெரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சேலஞ்சர் கப்பல் 150 ஆண்டுக்கு முன் வலை வீசிப் பிடித்த நுண்ணுயிர் ஓடுகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கிடந்தன. லிண்ட்சி ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் அவற்றை எடுத்து, ‘டாரா’ கப்பல் 2009-க்குப் பின் பசிபிக்கில் பிடித்த அதே இனங்களோடு எக்ஸ்ரே வழியாக ஒப்பிட்டார்கள். புதிய ஓடுகள் 76 விழுக்காடு வரை மெலிந்திருந்தன. 1870-களில் அவற்றைப் பாட்டிலில் அடைத்தவர்களுக்குக் கடல் அமிலமாகும் என்ற எண்ணமே இருந்திருக்காது.

இத்தனைக்கும் நடுவே, வால்விஸ் மலைத்தொடரைத் துளையிட்ட ஜாய்டீஸ் ரெசல்யூஷனின் பணி 2024-இல் முடிந்துவிட்டது. 1985 முதல் அறிவியலுக்காக ஓடிய கப்பல் அது. அதற்கு நிதி அளித்துவந்த அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2023 மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. செலவு கூடியது, பிற நாடுகளின் பங்களிப்பு குறைந்தது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். மாற்றுக் கப்பல் ஆயத்தமாகாத நிலையில், இருந்த கப்பலை நிறுத்தியது தவறான முடிவு. ஜப்பானும் ஐரோப்பாவும் சேர்ந்து 2025-இல் புதிய துளையிடல் திட்டத்தைத் தொடங்கியிருக்கின்றன. சீனா ‘மெங் ஷியாங்’ என்ற தன் சொந்தக் கப்பலை 2024 நவம்பரில் பணியில் சேர்த்தது. கப்பல் ஒன்று நின்றால் அதோடு சேறு பிளக்கத் தெரிந்தவர்கள், இனம் பார்த்து ஓடு எடுக்கத் தெரிந்த கண்கள், துளையிடும் தொழிலாளர்கள் என்று ஒரு கூட்டமே சிதறும். அதை மறுபடி சேர்ப்பது கப்பல் கட்டுவதைவிடக் கடினம்.

இந்தியாவுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஜாய்டீஸ் ரெசல்யூஷன் 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் வங்காள விரிகுடாவில் துளை போட்டது. தொண்ணூறு டிகிரிக் கிழக்கு மேடு என்று அழைக்கப்படும் நீரடி மலைத்தொடரில், இலங்கைக்குக் கிழக்கே ஏறத்தாழ 2,900 மீட்டர் ஆழத்தில், பழைய துளை ஒன்றின் அருகிலேயே புதிதாக எடுத்த உருளைகளும் அந்தப் பயணத்தில் சேர்ந்தவை. அதன்பின் 2015-இல் அதே கப்பல் கொழும்பிலிருந்து புறப்பட்டு, அரபிக்கடலின் லட்சுமிப் படுகையில் துளையிட்டு மும்பையில் பயணம் முடித்தது. அந்தப் பயணத்தின் தலைமை அறிவியலாளர் இருவரில் ஒருவர் கோவாவிலுள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் தனஞ்சய் பாண்டே.

போரான் வழியில் பருவமழையையும் படிக்கலாம் என்று காட்டியவர்களில் இந்தியர்களும் உண்டு. கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் சுஷாந்த் நாயக்கும் திவாகர் நாயுடுவும், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் காவின் ஃபாஸ்டரோடு இணைந்து, கிழக்கு அரபிக்கடல் ஓடுகளின் போரானைக் கொண்டு தென்மேற்குப் பருவக்காற்றின் பழைய வலிமையை 2015-இல் தடம் பிடித்தார்கள். பருவக்காற்று வலுத்தால் ஆழத்து நீர் மேலே வரும். அதில் கரியமில வாயு அதிகம். ஓட்டின் போரான் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். குறுவைக்கும் சம்பாவுக்கும் மழையை எதிர்பார்க்கும் ஒரு நாட்டுக்கு இது வெறும் அறிவு ஆர்வம் அல்ல.

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஆழ்கடல் இயக்கத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் முகமாக மக்களுக்குத் தெரிவது, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப உருவாக்கும் ‘மத்ஸ்யா 6000’. நல்ல முயற்சி, பெருமைப்பட வேண்டியது. கூடவே கடலடியின் உலோக உருண்டைகளை எடுக்கும் திட்டமும் உண்டு. உருண்டைகள் கிடக்கும் அதே சமவெளியில்தான் களிமண்ணும் பிற படிவுகளும் சேர்கின்றன. எடுப்பதற்கு இயந்திரம் செய்யும் இயக்கம், அந்த அடித்தளம் கடந்த பல லட்சம் ஆண்டுகளில் அமிலத்துக்கு எப்படி நடந்துகொண்டது என்பதைப் படிக்கவும் அதே அக்கறையோடு பணம் ஒதுக்க வேண்டும்.

எதிர்க்கேள்வி எழும், எழத்தான் வேண்டும். இன்று மீன்பாடு குறைந்து தவிக்கும் மீனவருக்குப் போகவேண்டிய பணத்தை 5 கோடி ஆண்டுச் சேற்றில் போடலாமா? கேள்வி நியாயமானது. ஆனால் தேவைப்படும் தொகையைப் பார்க்க வேண்டும். துளையிடும் கப்பலை இந்தியா தனியாகக் கட்ட வேண்டியதில்லை. கூட்டுத் திட்டங்களில் பங்கு வாங்கலாம். போரானை அளக்கத் தகுந்த நிறமாலைமானிகள் நாட்டின் சில ஆய்வகங்களில் ஏற்கனவே இருக்கின்றன. இல்லாதது போரான் புகாத தூய அறைகளும், ஆண்டுக்கணக்கில் குனிந்து ஓடு பொறுக்கும் இளைஞர்களுக்கு நிலையான சம்பளமும். பி.எச்டி. உதவித்தொகை முடிந்ததும் ஓடு பார்க்கக் கற்ற கண்கள் வேறு வேலைக்குப் போய்விடுகின்றன. ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் கண்ணை விட்டுவிட்டால் எந்திரம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் தவறான ஓட்டைத்தான் அளக்கும். 1995-இன் கதை சொன்னது அதைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கச் சுண்ணாம்பையும் நுணுக்கிய பாறையையும் கடலில் கொட்டலாம் என்று பல நிறுவனங்கள் திட்டம் போடுகின்றன. காரத்தன்மையைக் கூட்டினால் கடல் இன்னும் உறிஞ்சும் என்பது வேதியியல் கணக்கில் சரி. 5.6 கோடி ஆண்டுக்கு முன் இயற்கை அதைத்தான் செய்தது. பாறைகள் தேய்ந்து வந்து சேர்ந்த காரத்தன்மையால் சுண்ணாம்பு எல்லை முன்பிருந்ததைவிடவும் கீழே போய், அப்புறம்தான் நிலைக்கு வந்தது. கடலடி உயிர்க்கூட்டம் அந்த ஏற்ற இறக்கத்தில் என்ன ஆயிற்று என்பது உருளைகளில் இருக்கிறது. அதைப் படித்து முடிக்காமல் வங்கக் கடலிலோ அரபிக்கடலிலோ டன் கணக்கில் கொட்ட அனுமதி கேட்டு யார் வந்தாலும் மறுக்க வேண்டும்.

வங்காள விரிகுடா உருளைகளும் லட்சுமிப் படுகை உருளைகளும் ஜப்பானின் கோச்சி நகரத்தில், குளிரூட்டிய களஞ்சியத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் பெருங்கடலில் எடுத்த உருளைகளின் வீடு அது. ஒவ்வொன்றிலும் பாதி நிரந்தரமாகக் காக்கப்படும். மறுபாதியிலிருந்து எந்த நாட்டு ஆய்வாளரும் காரணம் சொல்லி விண்ணப்பித்து, சில கன சென்டிமீட்டர் சேறு வாங்கிக்கொள்ளலாம். ஆழ்கடல் இயக்கத்தின் அடுத்த கட்டத்துக்கான திட்டத்தில் இதற்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும்: கோச்சியிலிருந்து மாதிரி வாங்கும் செலவு, கோவாவிலும் சென்னையிலும் இரண்டு தூய அறைகள், ஐந்தாண்டு நிலையான பணியில் பத்துப் பன்னிரண்டு ஓடு பொறுக்குநர்கள், கூட்டுத் துளையிடல் திட்டத்தில் இந்தியாவுக்கு ஓர் உறுப்பினர் பங்கு. 4,077 கோடி ஒதுக்கிய அரசால் இதை ஒரே நிதியாண்டில் தொடங்க முடியும்.